இன்னைக்கு எதுக்குப் பயமுங்க?

சென்ற மாதம் பீளமேட்டில் ஒரு கல்லூரி மாணவர்கள் தங்கள் மோட்டார் சங்கத்தில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் சிமுலேட்டரில் பெரிய கெட்டிக்காரியாம். "அங்கிள், இத்தனை வருஷம் ரேஸ் ஓட்டியிருக்கீங்க. உங்களுக்குப் பயமே வந்ததில்லையா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மேடையில் இருந்த பேராசிரியர் மைக்கை வாங்கி, "பயம்கிற வார்த்தையே சாருக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். ஒரே கைதட்டல். சால்வை போட்டார்கள், சமோசா கொடுத்தார்கள், வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். பதில் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. அதை இங்கே எழுதி இறக்கி வைக்கிறேன்.

எனக்குப் பயம் உண்டு. நிறைய உண்டு. இன்றைக்கும் அவிநாசி ரோட்டில் டவுன் பஸ் பின்னால் ஹாரன் அடித்தால் ஓரம் கட்டிவிடுவேன். "பந்தயக் கார் ஓட்டுனவராமா!" என்று என் மனைவி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சிரிப்பாள். டிராக்கில் எதிரே வண்டி வராது, மாடு வராது, செல்போன் பேசிக்கொண்டு யாரும் குறுக்கே நடக்க மாட்டார்கள். அங்கே ஓட்டினவன் இங்கே பயப்படாமல் என்ன செய்வான்?

எனக்குச் சொந்த ஊர் சிங்காநல்லூர். அப்பா லேத்துப் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்கு வந்த பழைய கார்களைச் 'சோதித்துப் பார்க்கிறேன்' என்று குளத்து ரோட்டில் ஓட்டி வாங்கிய திட்டில் தொடங்கியது என் படிப்பு. பிறகு சின்னக் கார்ட் வண்டி, பிறகு ஒற்றை இருக்கைக் கார், கொஞ்சம் பரிசு, நிறைய பஞ்சர். அந்தக் கதையெல்லாம் எல்லா ஓட்டுநருக்கும் ஒன்றுதான். என் கதை உண்மையில் தொடங்கியது ரங்கநாயகி அம்மாவின் அணியில் சேர்ந்த பிறகு.

அம்மா பீளமேட்டு மில் குடும்பத்தவர். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே எங்களிடம் 'ங்க' போட்ட தமிழ். கார்ப் பைத்தியமான மாமனார் தொடங்கி வைத்த பந்தய அணியை, அவர் காலத்துக்குப் பிறகு, மில்லின் பழைய பஞ்சு குடோனில் வைத்து அம்மாதான் நடத்தினார். கஞ்சி மொடமொடப்புள்ள பருத்திப் புடவை, கையில் கறுப்புக் குடை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. முதல் சீசனில் ஒரு காரை நான் சுவரில் சாத்தி, முன்பக்கத்தை அப்பளமாக்கிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அம்மா காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாப்ட்டீங்களா தனபால்?" என்றார். இல்லை என்றேன். "மொதல்ல சாப்புடுங்க. திட்டறத நான் அப்புறமா திட்டிக்கறேனுங்க" என்றார். சாப்பிட்டு வந்ததும் திட்டினார். அதுவும் 'ங்க' போட்டுத்தான். "இப்படிப் புத்தி கெட்டத்தனமா ஓட்டுனா எப்படீங்க?" என்ற வார்த்தை எனக்கு அன்றைக்குச் சாப்பிட்ட சோற்றைவிட நன்றாகச் செரித்தது.

அவருடைய அணியில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெந்த அணியிலும் நான் அதைக் கண்டதில்லை. பந்தய நாள் காலை, டிராக்கில் வெயில் ஏறுவதற்கு முன், அம்மாவும் ஓட்டுநரும் தடத்தை ஒரு சுற்று நடந்து வர வேண்டும். குடையை ஊன்றிக்கொண்டு அம்மா பேசாமல் நடப்பார். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியதும் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இன்னைக்கு எதுக்குப் பயமுங்க?"

ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். "புது டயர் பிடிக்குமான்னு பயமுங்க" என்றால் தலையாட்டிவிட்டு மெக்கானிக் யூசுப் பாயைக் கூப்பிட்டு டயரைப் பார்க்கச் சொல்வார். "பக்கத்துல நிக்கறவன் முட்டுக்கு வருவானுங்க" என்றால், புறப்படும்போது அவனுக்கு எந்தப் பக்கம் இடம் விட வேண்டும் என்று பேசுவோம். "ஒண்ணுமில்லீங்கம்மா" என்று சொன்னால் முடிந்தது கதை. அன்றைக்கு அந்த ஆள் காரில் ஏற முடியாது. அப்படி ஏறாமல் நின்றவர்களில் அம்மாவின் தங்கை மகன் அரவிந்தும் ஒருவன். அவன் எங்கள் மாற்று ஓட்டுநர். வேகக்காரன். இரண்டு தடவை உட்கார்த்தி வைக்கப்பட்ட பிறகு மூன்றாம் தடவை, "உங்களப் பாத்தாத்தான் பயம் பெத்தம்மா" என்றான். பெத்தம்மா என்றால் தெலுங்கில் பெரியம்மா. அம்மா யோசித்துப் பார்த்து, அது உண்மைதான் என்று அனுமதித்துவிட்டார்.

யூசுப் பாய் கோட்டைமேட்டுக்காரர், எங்கள் தலைமை மெக்கானிக். ஊரிலேயே நல்ல கை, ஊரிலேயே பெரிய வாய். "தம்பி, பிரேக்குக்கு நான் கியாரண்டி. காலுக்கு நீங்கதான்" என்று சொல்லித்தான் என் பெல்ட்டை இறுக்குவார்.

இப்போது நான் நின்று சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

அந்த வருடம் நாங்கள் கோப்பைக்கு முன்னணியில் இருந்தோம். எங்கள் ஊர் டிராக்கில் நீண்ட நேர்சாலைக்கு முன்னால் வேகமான வலது வளைவு ஒன்று. வேலிக்கு அந்தப் பக்கம் சோளக்காடு. அதனால் அதற்குச் சோளக்காட்டு வளைவு என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். அந்த வளைவை ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்காமல் கடப்பதுதான் எங்கள் காலத்து வீரம். பயிற்சியில் நானும் எடுக்காமல் போனேன். வளைவின் நடுவில் கார் இலேசாக ஆடியது. பயந்து காலைச் சட்டென்று தூக்கிவிட்டேன். திரும்பிக்கொண்டிருக்கும் காரில் அப்படிச் செய்யவே கூடாது. பாரம் முன்னால் சாய்ந்து, பின்சக்கரங்கள் பிடியை விட்டு, பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். வந்தது. டயர் அடுக்கின் மேல் ஏறி, வேலியைத் தாண்டி, முழங்கால் உயரப் பயிருக்குள் போய்க் கார் நின்றது.

கண் விழித்தபோது துண்டை உதறிக்கொண்டு ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரர் சின்னச்சாமி. "ஏனுங்க, அடி பலமாப் பட்டுருச்சுங்களா?" என்றார். நான் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினேன். "சோளத்தப் பத்திக் கவலப்படாதீங்க. அது போச்சுன்னா போகுதுங்க" என்றார். அந்த நேரத்தில் நான் கவலைப்படாத ஒரே விஷயம் அவருடைய சோளம்தான்.

காறை எலும்பும் இரண்டு விலா எலும்பும் போயின. நான் கட்டுப்போட்டுக் கிடந்தபோது என் காரை அரவிந்த் ஓட்டினான். நன்றாகவே ஓட்டினான். என் அம்மாவோ, "கொடுமுடிக்குப் போயி ஆத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துரலாம் கண்ணு" என்று பிடிவாதம் பிடித்தார். காவிரியில் முழுகினேன். சாமி கும்பிட்டேன். எலும்பும் சேர்ந்துகொண்டது. திரும்பி வந்தபோது சீசனில் ஒரே ஒரு பந்தயம் மிச்சம், அதுவும் எங்கள் ஊரிலேயே. நான் விட்ட பந்தயங்களில் சென்னைக்காரர் ஒருவர் புள்ளிக்கணக்கில் என்னை எட்டிப் பிடித்திருந்தார். எங்கள் இருவரில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை.

பயிற்சிக்குக் காரை எடுத்தேன். எல்லா வளைவும் சரியாக இருந்தது. சோளக்காட்டு வளைவின் நடுவில் மட்டும், நான் சொல்லாமலே, என் வலது கால் தூக்கிக்கொண்டது. அடுத்த சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். அதே இடத்தில் மறுபடியும் தூக்கியது. எந்த இடத்தில் தூக்கக் கூடாதோ அதே இடம். ஒவ்வொரு சுற்றும் காரின் பின்பக்கம் லேசாக அசைந்தது.

வெளியே நின்றவர்களுக்கு அந்த வளைவில் என்ஜின் ஒரு விக்கல் விக்குவதாகத்தான் கேட்டிருக்கிறது. யூசுப் பாய் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மறுபடி கழுவினார். ஆக்சிலரேட்டர் கேபிளைப் புதிதாக மாற்றினார். "இது என்னடா எழவு, நான் ஓட்டிப் பாத்தா விக்க மாட்டேங்குது, நீங்க ஓட்டுனா விக்குது" என்று தலையைச் சொறிந்தார். விக்குவது என்ஜின் இல்லை, நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் சீட்டு அரவிந்துக்குப் போய்விடும். வருடம் முழுக்கப் பாடுபட்டுவிட்டு, கோப்பைக்கு முன்னால் இறங்கி நின்று கைதட்ட எனக்கு மனமில்லை. ஆனால் இப்படியே ஓட்டினால் இந்தத் தடவை விலாவோடு நிற்காது என்பதும் தெரிந்தே இருந்தது.

பந்தயத்துக்கு முதல் நாள் தகுதிச் சுற்று. அன்று காலையும் நடந்தோம். "இன்னைக்கு எதுக்குப் பயமுங்க?" என்றார் அம்மா.

"மழை வந்தா என்ன பண்றதுன்னு பயமுங்கம்மா."

அம்மா அண்ணாந்து பார்த்தார். துளி மேகமில்லை. "குடை வெச்சிருக்கறது நானுங்க. மழைக்குப் பயம் எனக்கு இருக்கட்டும்" என்றார். "உங்களுது என்னங்க?"

அதற்கு மேல் தாங்கவில்லை. "சோளக்காட்டு வளைவுங்கம்மா. கால் தானாத் தூக்குதுங்க. நான் தூக்கலீங்க, அதுவா தூக்குது" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மா திரும்பி, "அரவிந்த், கார எடுப்பா" என்றார்.

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அரவிந்த் ஹெல்மெட்டை மாட்டினான். யூசுப் பாய் என்னைப் பார்க்காமல் அவனுக்குப் பெல்ட்டை இறுக்கினார். அம்மா மட்டும் என் முழங்கையைத் தொட்டு, "நாம அக்கட்டப் போலாம் வாங்க" என்று சோளக்காட்டு வளைவுக்கே கூட்டிப் போனார்.

வேலியோரம் நின்றோம். அரவிந்த் காலை எடுக்காமல் வந்தான். பார்க்க மயிர்க்கூச்செறிந்தது. "பாக்காதீங்க, கண்ண மூடிக் கேளுங்க" என்றார் அம்மா. கேட்டேன். உள்ளே வரும்போது முழுச் சத்தம். நடுவில் கார் வெளிப்பக்கமாக விலகிப் போகிறது, அவன் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறான், சத்தம் இழுபடுகிறது. வளைவு முடிந்து நேர்சாலையில் வெகுதூரம் போன பிறகுதான் என்ஜின் மறுபடி முழுசாகப் பாடியது.

"உங்க கால் தூக்கத்தான் போகுதுன்னா தூக்கட்டுமுங்க. ஆனா நடுவுல வேண்டாம். முன்னாலயே, கார் நேரா இருக்கறப்பவே தூக்கிருங்க. உள்ள கொஞ்சம் நிதானமாப் போனா, வெளிய வாரப்ப அவனுக்கு முன்னாலயே நீங்க மிதிச்சுப் போடலாமுங்க. நேர்ரோடு முழுக்க அந்த வேகம் உங்களுக்குக் கூட வரும்."

"அரவிந்துக்குக் குடுத்துருவீங்கன்னு நெனச்சேனுங்கம்மா."

"அவனுக்கு என்னப் பாத்தாத்தான் பயம். இந்த வளைவப் பாத்துப் பயமில்லீங்க. அது எனக்குப் பத்தாது."

தூக்க வேண்டிய இடத்துக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அது வேலிக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றது. கதிர் பிடித்துவிட்ட சோளத்துக்குக் காவலாகச் சின்னச்சாமி ஒரு பொம்மையை நட்டு வைத்திருந்தார். தலையாகக் கவிழ்த்த சட்டியில் சுண்ணாம்பால் மீசை வரைந்திருந்தார். அதன் வலது கையில், விபத்தில் தொலைந்துபோன என்னுடைய கிளவுஸ்! "கீழ கெடந்துச்சுங்க, வீணாப் போகுதேன்னு மாட்டி உட்டேன். வேணுங்களா?" என்றார் சின்னச்சாமி. வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றேன். பொம்மைக்கு நேராக வந்ததும் காலைத் தூக்கு. அரவிந்திடமிருந்து காரை வாங்கி அன்று முழுவதும் அப்படியே ஓட்டினேன். விக்கல் நின்றது. நேரமும் குறைந்தது. "கடைசியா மாத்தின கேபிள்தான் காரணம்" என்று யூசுப் பாய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை.

மறுநாள் பந்தயம். விடிகாலையில் அம்மாவோடு நடந்து வந்தபோது பொம்மை அங்கேதான் நின்றது. புறப்படுவதற்கு முன் எல்லாக் கார்களும் வரிசையாக ஒரு சுற்று மெதுவாகப் போவோம். சோளக்காட்டு வளைவை நெருங்கினேன். பொம்மை இல்லை.

கண்ணை இடுக்கிப் பார்த்தேன். வேலி இருந்தது, சோளம் இருந்தது, குடும்பத்தோடு சின்னச்சாமி நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். பொம்மையை மட்டும் காணோம். எங்கே தூக்குவது? வேலி முழுக்க ஒரே மாதிரிக் கம்பம், ஒரே மாதிரிக் கதிர். இறங்கிக் கேட்கவும் முடியாது. கார்கள் நின்றன, கொடி விழுந்தது, புறப்பட்டோம்.

முதல் சுற்றில் வெகு முன்னாலேயே தூக்கிவிட்டேன். சென்னைக்காரர் என்னைத் தாண்டிப் போனார். அடுத்த சுற்றில் தாமதம், பின்பக்கம் அசைந்தது. அதற்கடுத்த சுற்றில் தேடுவதை விட்டுவிட்டேன். தேடியும் பயனில்லை. வளைவு வந்தது. பொம்மை நின்றிருக்க வேண்டிய இடம் வந்தபோது என் வலது கால் தானாகத் தூக்கியது. என்னை இத்தனை நாள் காட்டிக்கொடுத்த அதே கால்! கார் ரயில் மாதிரி உள்ளே போனது. நான் முன்னதாகவே மிதித்தேன். ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றும் வளைவில் சென்னைக்காரர் என்னைவிட்டு விலகுவார், நேர்சாலையில் நான் அவர் முதுகில் ஒட்டிக்கொள்வேன். கடைசிக்குச் சில சுற்று இருக்கும்போது முந்திவிட்டேன். அவர் விடுகிற ஆளில்லை. நான் அந்த வளைவில் பயப்படுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துபோயிருந்தது.

கடைசிச் சுற்றுக்கு முன், அணிக்காரர்கள் நிற்கும் பிட் சுவரைக் கடந்தேன். எங்கள் காலத்தில் காதுக்குள் ரேடியோ கிடையாது. பலகையில் எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். மற்ற அணிகளின் பலகையில் இடமும் நேரமும் இருக்கும். எங்கள் பலகையை அம்மாவே பிடித்திருந்தார். அதில் பெரிதாக ஒரு கேள்விக்குறி மட்டும். அது ஏதோ ரகசியத் திட்டம் என்று எதிரணி ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். நான் தலையை ஆட்டினேன். பயம் இருக்குதுங்கம்மா, இருக்குது.

சோளக்காட்டு வளைவு. நான் தூக்கினேன். அதற்காகவே காத்திருந்த சென்னைக்காரர் தூக்காமல் உள்பக்கம் பாய்ந்தார். என்னைத் தாண்டியே விட்டார். ஆனால் வந்த வேகத்துக்கு அவர் கார் வெளிப்பக்கமாக விலகிப் போனது. அவர் அதைப் பிடித்துத் திருப்புவதற்குள் நான் மிதித்துக்கொண்டு உள்பக்கமாக வெளியேறிவிட்டேன். நேர்சாலை முழுவதும் அவர் என் பின்னால்தான் வந்தார், கொடி வரைக்கும்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சின்னச்சாமியைத் தேடிப் போனேன். "ஏனுங்க, பொம்ம எங்கீங்க?"

"கழட்டி ஊட்டுக்குக் கொண்டு போயிட்டனுங்க. உங்க கிளவுஸு மாட்டியிருக்குதில்லீங்க? ஓட்டற நேரத்துல அதப் பாத்தா விழுந்தது ஞாபகம் வந்து மனசு சங்கடப்படுமேன்னு காத்தாலயே எடுத்துப் போட்டேன். சரிதானுங்களே?"

"நெம்ப சந்தோசமுங்க" என்றேன். எங்கள் ஊர் மரியாதை அன்றைக்கு என்னைக் கொன்றே போட்டிருக்கும். யூசுப் பாய் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேபிள் விவகாரம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பிறகும் பல வருடம் ஓட்டினேன். ஜெயித்ததும் உண்டு, சரளையில் புதைந்து நின்றதும் உண்டு. எல்லாக் காலையிலும் அந்தக் கேள்வி இருந்தது. கண் கொஞ்சம் மங்கத் தொடங்கியதும் நானே நிறுத்திக்கொள்ள முடிவு செய்தேன். கடைசிப் பந்தயத்தன்று அம்மா மெதுவாக நடந்தார். முழங்கால் வலி. புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றோம்.

"இன்னைக்கு எதுக்குப் பயமுங்க?"

"நாளைக்குங்கம்மா" என்றேன். நாளைக் காலை எழுந்தால் நடக்கத் தடமில்லை, மிதிக்க ஒன்றுமில்லை, கேட்க யாருமில்லை. அந்த வளைவுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

"அதுக்கு யூசுப் பாயக் கூப்புட முடியாதுங்களே" என்றார் அம்மா. "சரி, ஹெல்மெட்டப் போடுங்க."

அன்றைக்கு நாலாவதாக முடித்தேன். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து படுத்தேன். மறுநாள் பழக்க தோஷத்தில் விடிவதற்கு முன்னமே விழிப்பு வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்து என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"ஏனுங்க தனபால்" என்றது அந்தக் குரல். "இன்னைக்கு எதுக்குப் பயமுங்க?"

"இன்னும் காப்பியே குடிக்கலீங்கம்மா" என்றேன்.

"குடிச்சுப்போட்டு குடோனுக்கு வாங்க, நடக்கலாமுங்க. நான் குடையோட நின்னுட்டிருக்கேனுங்க" என்றார்.